ஸ்ப்ரே கன் கழுவிய தின்னரை மண்ணில் ஊற்றாதீர்கள்: சிறிய பெயின்டிங் பட்டறைக்கான செய்முறை

எங்கள் பட்டறையின் பின்சுவரோரம் ஒரு வேப்பமரம் இருந்தது. ஸ்ப்ரே கன் கழுவிய தின்னரை (பெயின்டை இளக்கும் கரைப்பான்) ஆண்டுக்கணக்கில் அதன் அடியில்தான் ஊற்றிவந்தோம். மரம் பட்டுப்போனது, வெயிலின் கொடுமை என்று நினைத்துக்கொண்டோம். அடுத்த கோடையில் பின்வீட்டு அம்மா ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டி, "முகர்ந்து பாருங்கள், தம்பி" என்றார். தின்னர் வாசனை. நான் பேசாமல் நின்றேன். அன்றைக்கு மாலையிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு சொட்டுத் தின்னர்கூட மண்ணுக்குப் போகவில்லை. அதை எப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

கன்னைக் கழற்றி மாட்டவும் பெயின்ட் கலக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எடுத்து வைக்க வேண்டியவை

மூடி நன்றாகப் பொருந்தும் காலித் தின்னர் டின்கள் நான்கு, மூடியுள்ள சிறிய எவர்சில்வர் டப்பாக்கள் மூன்று, உலோகப் புனல், நைலான் பிரஷ், பெயின்ட் வடிகட்டி, தடித்த நைட்ரைல் கையுறை, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி. மருத்துவமனைகளில் போடும் மெல்லிய ரப்பர் கையுறை வேண்டாம்; தின்னர் பட்டதும் ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் கேனும் வேண்டாம். சிலவகை பிளாஸ்டிக் இளகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரம். தின்னரில் இருக்கும் டொலுயின் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு பொறி போதும்.

முதலில், குறைவாகக் கலங்கள்

கழிவு கழுவும் இடத்தில் தொடங்குவதில்லை, கலக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஒரு கார் கதவுக்கு நாங்கள் கண்மதிப்பில் அரை லிட்டர் கலந்துகொண்டிருந்தோம். டிஜிட்டல் தராசு வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் பிறகு மிச்சத்தை எடைபோட்டு நோட்டில் எழுதினோம். ஒரு மாதத்தில் எங்கள் கைக்கு எவ்வளவு போதும் என்று தெரிந்துவிட்டது: கதவுக்கு 300 மில்லி. உங்கள் கணக்கு வேறாக இருக்கும். நோட்டுப் போட்டால்தான் தெரியும். ஹார்ட்னர் (பெயின்டை இறுகவைக்கும் திரவம்) சேர்த்த கலவை சில மணி நேரத்தில் இறுகிவிடும், நாளைக்கு உதவாது. அதனால் டூ-கே கிளியரை (ஹார்ட்னர் கலந்து நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும்.

கன்னைப் பற்றி என் கருத்து உறுதியானது. அடியில் டப்பா தொங்கும் பழைய கன்னை விட்டுவிடுங்கள். மேலே கப் உள்ள கன்னில் பெயின்ட் கடைசிச் சொட்டுவரை இறங்கும், கழுவவும் கொஞ்சம் தின்னர் போதும். முடிந்தால் எச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) வகையாக வாங்குங்கள். ஏர் கேப்பில் (கன்னின் முனையில் காற்று வெளிவரும் மூடி) அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது என்பதால் பெயின்ட் தகரத்தில் பட்டுத் தெறித்துப் புகையாகப் பறப்பது குறையும். ஆனால் அது காற்றை நிறையக் கேட்கும். சிறிய கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் கடையில் அதைச் சொல்லிவிட்டு, குறைந்த காற்றில் ஓடும் கன்னாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று டப்பாக் கழுவல்

கப்பில் மிச்சமிருக்கும் பெயின்டை, ஹார்ட்னர் சேராததாக இருந்தால், திரும்பப் பெயின்ட் டின்னில் வழித்துவிட்டு, கப்பின் உட்புறத்தைப் பனியன் வேஸ்டால் துடையுங்கள். துடைப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

டப்பாக்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதுங்கள். முதலாவதில் தெளிந்த பழைய தின்னர், இரண்டாவதில் நேற்றைய கடைசிக் கழுவல், மூன்றாவதில் புதுத் தின்னர் 50 மில்லி. கப், நாசில், ஏர் கேப் மூன்றையும் இதே வரிசையில் கழுவுங்கள். பிரிக்கும்போது நீடிலை (நாசிலைத் திறந்து மூடும் ஊசி) முதலில் உருவிவிட்டு அதன்பிறகு நாசிலைக் கழற்றுங்கள். கன்னை முழுதாக ஊறப்போட்டால் உள்ளே கசிவைத் தடுக்கும் பேக்கிங் கெட்டுவிடும்.

கழுவி முடித்ததும் முதல் டப்பாவில் இருப்பதைத் தெளியவைக்கும் டின்னில் ஊற்றுங்கள். இரண்டாவதில் இருப்பது அதே டின்னுக்கோ, தெளிவாக இருந்தால் முதல் டப்பாவுக்கோ போகட்டும். மூன்றாவது நாளைக்கு இரண்டாவதாகும். முன்பு ஒரு கழுவலுக்கு அரை லிட்டர் புதுத் தின்னர் செலவழித்த எங்களுக்கு இப்போது அந்த 50 மில்லிதான் செலவு. கன்னில் தின்னரை ஊற்றிக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். அது அத்தனையும் உங்கள் நுரையீரலுக்குள் போகும்.

தெளியவைப்பது: நான் தவறிய இடம்

டின்னை மூடி, நிழலில், வெல்டிங் நடக்கும் பக்கத்திலிருந்து தள்ளி, அசைக்காமல் இரண்டு நாள் வையுங்கள். நிறமி அடியில் சேறாக இறங்கிவிடும். மேலே நிற்பதை மெதுவாகச் சாய்த்து, வடிகட்டி வழியாக இன்னொரு டின்னுக்கு மாற்றுங்கள். வெளிர்தேநீர் நிறத்தில் இருக்கும்; முதல் கழுவலுக்கு அது தாராளமாகப் போதும்.

இவ்வளவு எளிதான வேலையில் முதல் மாதமே ஒரு டின் முழுவதையும் இழந்தேன். பேஸ் கோட் (நிறப்பூச்சு) கழுவியது, பிரைமர் (அடிப்பூச்சு) கழுவியது, டூ-கே கிளியர் கழுவியது எல்லாவற்றையும் ஒரே டின்னில் ஊற்றி இறுக மூடியிருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தபோது மூடி மேல்நோக்கிப் புடைத்திருந்தது. திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது. உள்ளே நுங்குபோல ஒரு கட்டி. குச்சியை விட்டால் குச்சியோடு எழும்பி வந்தது.

காரணம் ஹார்ட்னர். அதிலுள்ள ஐசோசயனேட், கிளியரின் ரெசினோடு (பிசின்) சேர்ந்து தின்னருக்குள்ளேயே வலைபோலப் பின்னிக்கொள்ளும். ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும்; மூடியைத் தூக்கியது அந்த வாயுதான். ஆகவே இரண்டு டின்கள் வேண்டும். ஹார்ட்னர் படாத கழுவலுக்கு ஒன்று. அதைத்தான் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்த முடியும். ஹார்ட்னர் பட்டதற்குச் சிவப்புப் பட்டை அடித்த இன்னொன்று. சிவப்பு டின்னில் தண்ணீர் படக் கூடாது. முதல் இரண்டு நாள் மூடியை இறுக்காமல் பொருத்தி மட்டும் வையுங்கள், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அண்டாமல். டூ-கே அடிக்கும் நாளில் மூன்று டப்பாக்களில் இருப்பதும் சிவப்பு டின்னுக்கே போக வேண்டும்.

தெளிந்த தின்னரைப் பெயின்டில் கலக்காதீர்கள். பிரைமருக்குச் சேர்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு; எனக்கு உடன்பாடில்லை. அதில் எண்ணெயோ சிலிகானோ துளி இருந்தாலும் பெயின்டில் மீன்கண் போலக் குழி விழும். பேனல் முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டிவரும், அது இன்னும் பெரிய கழிவு.

அடிச்சேறு

இது குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி இத்தகைய கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் இடத்தில் வைத்திருக்க முடியாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் அனுமதி பெற்ற நிறுவனங்களைத் தெரிந்துகொள்ளலாம். கும்மிடிப்பூண்டியில் இதற்கான சுத்திகரிப்பு வளாகம் இருக்கிறது. டின்னின் மேல் என்ன கழிவு, எந்தத் தேதியிலிருந்து சேர்ந்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

வெயிலில் திறந்துவைத்துக் காயவிடுவது தீர்வல்ல. மண்ணுக்குப் போக வேண்டியதைக் காற்றுக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான். அந்த ஆவி வாகனப் புகையோடும் வெயிலோடும் சேர்ந்து தரைமட்ட ஓசோனாகிறது.

பின்சேர்க்கை 1: தண்ணீர் கலக்கும் பேஸ் கோட்டுக்கும் இதே முறையா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. அந்தக் கழுவுநீருக்குத் தனி பிளாஸ்டிக் வாளி வையுங்கள். தின்னர் டின்னில் ஒரு கரண்டி விழுந்தாலும் இரண்டும் கெட்டுவிடும். தண்ணீர்தானே என்று சாக்கடையில் ஊற்றவும் கூடாது. அதிலும் ரெசினும் கரைப்பானும் இருக்கின்றன.

பின்சேர்க்கை 2: கார்ட்ரிட்ஜ் முகமூடியோடு டூ-கே அடிக்கலாமா என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கழுவுவதற்கு அது போதும், அடிப்பதற்குப் போதாது. ஐசோசயனேட்டை வாசனையால் கண்டுபிடிக்க முடியாது; கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனாலும் உங்களுக்குத் தெரியவராது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அதன்பிறகு துளி பட்டாலும் இளைப்பு வரும். வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடியை வாங்குங்கள். புதுக் கன் வாங்கக் காசு சேர்த்துவைத்திருந்தால், அதை முதலில் இதற்குச் செலவழியுங்கள்.