கை கழுவுகிறோம், விரல் நுனியைக் கழுவுகிறோமா?

சோப்பைத் தொட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் நாலு தேய் தேய்த்து, தண்ணீரில் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம். இதில் சுத்தமாவது உள்ளங்கை மட்டும். கண்ணைக் கசக்குவதும் மூக்கைத் தொடுவதும் சாப்பாட்டை எடுப்பதும் விரல் நுனி. நோய் ஏறும் வழியை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கழுவுகிறோம் என்பதுதான் என் கவலை.

பயிற்சி பெற்றவர்களுக்கும் இது நேர்கிறது. 1978இல் பிரிட்டனில் செவிலியர்கள் கை கழுவும் விதத்தைச் சாயம் கொண்டு சோதித்துப் பார்த்தபோது, அதிகம் விடுபட்டவை விரல் நுனி, கட்டைவிரல், விரல் இடுக்கு. அதனால் உள்ளங்கைக்குப் பிறகு புறங்கை, அப்புறம் விரல் இடுக்கு என்று போங்கள். கட்டைவிரலை மறு கையால் பிடித்துத் திருகித் தேயுங்கள். கடைசியாக நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்தால் நகத்தின் அடியிலும் நுரை போகும். மோதிரம் இருந்தால் கழற்றிவிடுவது நல்லது, அதன் அடியில் ஈரமும் அழுக்கும் தங்கும்.

அடுத்த தவறு, அவசரமாகக் கழுவுவது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறு முனை கொழுப்போடு சேரும். தோலின் எண்ணெய்ப் பசையில் ஒட்டியிருக்கும் கிருமியை அது பெயர்த்தெடுக்கிறது. ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களின் வெளியுறையே கொழுப்பால் ஆனது என்பதால் அதையும் குலைத்துவிடுகிறது. இதெல்லாம் நடக்க நேரமும் தேய்ப்பும் வேண்டும். நுரையோடு குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். நனைப்பதிலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேய்க்கும்போது குழாயை மூடிவிடலாம்.

வெந்நீர் தேவையில்லை. கை பொறுக்கும் சூட்டில் கிருமி சாகாது, தோல்தான் வறண்டு வெடிக்கும். 'கிருமிநாசினி' என்று அச்சிட்ட சோப்பைத் தேடி அலையவும் வேண்டாம். வீட்டு உபயோகத்தில் அவை சாதாரண சோப்பைவிட மேலானவை என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லி, ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை அத்தகைய சோப்புகளில் சேர்ப்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை போட்டது.

சானிடைசர் இருக்கிறதே என்றால், சரி, வெளியில் தண்ணீர் கிடைக்காதபோது அது உதவும். ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும், காயும் வரை தேய்க்க வேண்டும், நடுவில் துடைத்துவிடக் கூடாது. ஆனால் கையில் மண்ணோ எண்ணெயோ இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் அதன்மீது ஆல்கஹால் அவ்வளவாகப் பலிப்பதில்லை. அங்கே சோப்பால் தேய்த்துத் தண்ணீரில் அலசிவிடுவதுதான் வழி.

எப்போது கழுவுவது என்பதிலும் சறுக்குகிறோம். கழிவறைக்குப் பின், சாப்பாட்டுக்கு முன் என்பது தெரிந்ததுதான். குழந்தையின் டயப்பர் மாற்றிய பிறகு, பச்சை இறைச்சியைத் தொட்ட பிறகு, மூக்கைச் சிந்திய பிறகு கழுவுவது மறந்துபோகிறது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணப் பரிசோதனை முடித்த மருத்துவர்கள் நேராகப் பிரசவ வார்டுக்குப் போனார்கள். இடையில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார் அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மெல்வைஸ். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தொட்டிருந்த தாய்மார் இறப்பு, சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே கழுவுவதற்கு அவ்வளவு பலன்.

கழுவியபின் ஈரத்தோடு விடாதீர்கள். ஈரக் கையில் கிருமி எளிதாக ஒட்டும், எளிதாகப் பரவவும் செய்யும். பல நாள் துவைக்காத துண்டில் துடைத்தால் கழுவியதே வீண். வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்துவிட்டால் அவருக்குத் தனித் துண்டு கொடுங்கள், அவரைக் கவனித்துக்கொள்பவர் ஒவ்வொரு முறையும் அறையை விட்டு வெளியே வந்ததும் கையைக் கழுவட்டும்.