ஸாம்ப்ரேரோவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். ஸாம்ப்ரேரோ என்ற ஆஸ்திரேலிய மெக்சிக்கோ பாணி உணவுக் கடைக்குப் போனால் புரிட்டோ (ரொட்டியில் சுற்றித் தருவது) அல்லது பௌல் (கிண்ணத்தில் தருவது) வாங்குங்கள். அங்கே டாக்கோ என்ற மடித்த ரொட்டியும் நாச்சோஸ் என்ற சோளச் சிப்ஸும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 'பிளேட் ஃபோர் பிளேட்' என்ற அவர்களுடைய திட்டம் புரிட்டோவையும் பௌலையும்தான் கணக்கில் எடுக்கிறது. அவற்றில் ஒன்று விற்றால், எங்கோ பசியோடு இருக்கும் ஒருவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு போகிறது. இரண்டு பேர் போய் ஒரு பெரிய தட்டு நாச்சோஸைப் பகிர்ந்து சாப்பிடுவதைவிட, ஆளுக்கொரு புரிட்டோ வாங்கி, மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோவது மேல். அதைச் சூடாக்கும் முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கன்பெராவில் தாதியாக வேலை செய்கிறேன். இந்தக் கடை பிறந்ததும் இதே ஊரில்தான். 2005ஆம் ஆண்டு சாம் பிரின்ஸ் என்ற மருத்துவ மாணவர் தொடங்கினார். அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 2011இல் இந்த உணவுத் திட்டம் ஆரம்பமானது. இன்று ஆஸ்திரேலியா முழுவதும் கிளைகள் இருக்கின்றன. நியூசிலாந்திலும் அயர்லாந்திலும்கூட இருக்கின்றன.

போன வருடம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது அவரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைத்துப் போனேன். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே போனதும் மேசையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். யாரும் வந்து கேட்க மாட்டார்கள். நேரே வரிசையில் நில்லுங்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையுறை போட்ட பிள்ளைகள் நிற்பார்கள். பலர் படித்துக்கொண்டே வேலை செய்பவர்கள். நீங்கள் நகர நகர, உங்கள் சாப்பாடும் தடுப்புக்கு அப்பால் கூடவே நகரும். முதலில் புரிட்டோவா பௌலா என்று கேட்பார்கள். இரண்டிலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றைக் கோதுமை ரொட்டியில் சுற்றித் தருவார்கள், மற்றதைக் கிண்ணத்தில் இட்டுத் தருவார்கள். பல் கட்டியவர்களுக்கும், கையால் பிடித்துக் கடிக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கும் பௌல்தான் நல்லது. அம்மாவுக்கு அதைத்தான் வாங்கினேன்.

அடுத்தது சோறு. வெள்ளைச் சோற்றோடு கறுப்பு அரிசிச் சோறும் அன்று இருந்தது. கரண்டியில் அதைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்து, "என்ன பிள்ளை, எள்ளுச் சோறோ?" என்று கேட்டார். சனீஸ்வரனுக்குப் படைப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அது எள் சேர்ந்ததில்லை, அரிசியே கறுப்பு. கொஞ்சம் மென்று சாப்பிட வேண்டும். அதன் மேல் புளித்த கிரீம் விழுந்தால் ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறமாக மாறும். கிடைத்தால் ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு இறைச்சி அல்லது மரக்கறி. வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவர்கள் தயங்கவே வேண்டாம். வாட்டிய மரக்கறி, பீன்ஸ், சோறு, சல்சா என்ற தக்காளிச் சட்னி சேர்ந்தால் வயிறு நிறைந்துவிடும். ஒன்றை மட்டும் வரிசையின் தொடக்கத்திலேயே, சோறு போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: கையுறையை மாற்றி, வேறு கரண்டி எடுக்க முடியுமா என்று. அம்மாவுக்காக நான் கேட்டேன். அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் புதுக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடங்கினாள். பாதியில் கேட்டால் பின்னால் நிற்பவர்களுக்கும் தாமதம், உங்களுக்கும் மனக்குறை.

உறைப்பு விஷயத்தில் பயப்பட வேண்டாம். மூன்று படியில் சல்சா இருந்தால் நடுவிலிருந்து தொடங்குங்கள். நம் கறித்தூள் பழகிய நாக்குக்கு அந்த உறைப்பு பெரிதில்லை. அதில் கவனிக்க வேண்டியது புளிப்பும் புகை மணமும். சிப்போட்லே என்பது பழுத்துச் சிவந்த ஹலப்பேனோ மிளகாயைப் புகையில் உலர்த்தி எடுப்பது. அந்தச் சுவையில் சோஸ் இருந்தால் கேட்டு வாங்குங்கள். மிளகாயே மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்ததுதான். அதற்கு முன் நமக்கு உறைப்பு என்றால் மிளகு. வந்த காயும் அந்தப் பெயரிலேயே மிளகாய் ஆனது. ஆகவே அந்தத் தட்டு முழுக்க அந்நியம் என்று நினைக்கத் தேவையில்லை. கொத்தமல்லித் தழை இருக்கிறது, தேசிக்காய்ப் புளி இருக்கிறது. குவாக்கமோலி என்பது நம் ஆனைக்கொய்யாவை (அவகாடோவை) மசித்து உப்பும் புளியும் சேர்த்ததுதான். அதற்குத் தனிக் காசு உண்டா என்று போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெக்சிக்கோவில் சாப்பிடுவது போலவே இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: இருக்காது. வடக்கு மெக்சிக்கோவின் புரிட்டோ மெலிந்தது. உள்ளே ஒன்றிரண்டு பொருள்தான். சோறும் பீன்ஸும் திணித்து, வெள்ளித்தாள் சுற்றிய பருத்த புரிட்டோ 1960களில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் உருவானது. இங்கே கிடைப்பது அந்த வழியில் வந்தது.

சாப்பிடும் விதம். வெள்ளித்தாளை முழுவதும் உரித்துவிடாதீர்கள். அந்தத் தாள்தான் புரிட்டோவைத் தாங்குகிறது. நிமிர்த்திப் பிடித்து, மேலே இரண்டு விரல் அளவுக்கு மட்டும் சுற்றி வரக் கிழியுங்கள். அவ்வளவையும் சாப்பிட்ட பிறகு அடுத்த சுற்று. கடிக்கும்போது சாய்க்கக் கூடாது. சாய்த்தால் சாறு அடியில் ஓர் ஓரத்தில் தேங்கி ரொட்டியை நனைத்துவிடும். கடைசி இரண்டு வாய் எப்போதும் ஈரமாக இருக்கும். அதில்தான் எல்லாச் சுவையும் சேர்ந்திருக்கும், விட்டுவிடாதீர்கள்.

இனி, நீங்கள் வாங்கும்போது பசித்த ஒருவருக்குப் போகும் அந்த இன்னொரு சாப்பாட்டைப் பற்றி. அது புரிட்டோ இல்லை. 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ரைஸ் அகெய்ன்ஸ்ட் ஹங்கர்' என்ற அமைப்பின் வழியாகப் போகும் உலர் உணவு. அதில் இருப்பது அரிசி, சோயா, உலர்த்திய மரக்கறி, சத்துத் தூள். கொதிக்கும் நீரில் போட்டு வேகவைத்தால் உண்ணலாம். என் வேலையிடத்திலிருந்து ஒரு குழுவாக அந்தப் பொதிகளைக் கட்டப் போயிருந்தேன். தலைமுடிக்கு வலை போட்டுக்கொண்டு நீண்ட மேசையைச் சுற்றி நின்றோம். நடுவில் ஒரு புனல். ஒருவர் சத்துத் தூள் பொட்டலத்தை வைக்க, ஒருவர் சோயா, ஒருவர் மரக்கறி, ஒருவர் அரிசி என்று ஒவ்வொரு குவளையாகக் கொட்டினோம். பை தராசுக்குப் போகும். எடை குறைந்தால் அரிசியைக் கூட்டி, கூடினால் ஒரு கரண்டி எடுத்துவிட்டு, சூட்டில் வாயை ஒட்டுவார்கள். ஒரு பை ஆறு பேருக்கு. எனக்குக் கிடைத்தது அரிசி போடும் வேலை. புனலில் அரிசி இறங்கும் சத்தம் இரண்டு மணி நேரம் காதில் இருந்தது.

அந்தச் சத்தம் எனக்குப் பழையது. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளியேறியபோது எனக்கு 9 வயது. கொடிகாமத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையில் நான்கு குடும்பங்கள் இருந்தோம். நிவாரண அரிசியைச் சாக்கிலிருந்து அளந்து அம்மாவின் பையில் கொட்டுவார்கள். என் தம்பிக்குத் திரிபோஷா என்ற சத்துமா கிடைத்த நாட்களில் அம்மா அதில் சீனியும் தேங்காய்ப்பூவும் பிசைந்து உருண்டை பிடித்தார். அதுவும் சோயாவும் சோளமும் கலந்த மாவுதான். எனக்கும் ஓர் உருண்டை வரும். அதை மெதுவாக, மணி மணியாக நுள்ளித் தின்றேன். யார் அனுப்பினார்கள், யார் பொதி கட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

ஆகையால் 'ஒரு புரிட்டோ வாங்கினால் உலகத்துப் பசி தீர்ந்துவிடுமா' என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தீராது. ஆனால் ஒரு வேளைச் சோறு என்பது அதைப் பெறுகிறவருக்கு முழுதாக ஒரு வேளை. வேறு இடத்தில் சாப்பிடச் செலவழிக்கப்போகும் அதே காசை இங்கே செலவழியுங்கள் என்றுதான் கேட்கிறேன். கூடுதலாகச் செய்ய விரும்பினால் ஒரு குழு சேர்த்துக்கொண்டு பொதி கட்டப் போகலாம். ஒக்டோபர் 16 உலக உணவு நாள். அதை ஒட்டி ஒரு நாளைத் தேர்ந்தால் ஆட்களைச் சேர்ப்பது சுலபம். பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த மிளகாயின் பெயரையே வைத்திருக்கும் சிப்போட்லே போன்ற புரிட்டோக் கடைகளில் பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் நிதி திரட்டும் மாலைகள் நடத்தலாம். அன்று வந்த விற்பனையில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். ஆனால் எந்த நிகழ்ச்சிக்காக வந்தீர்கள் என்று காசு கட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். கட்டிய பிறகு சொன்னால் கணக்கில் சேராது.

அம்மா அன்று பௌலில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். என் புரிட்டோவில் பாதி மிஞ்சியது. மறுநாள் காலை அதை அவரே சூடாக்கினார். நீங்களும் அப்படியே செய்யலாம். வெள்ளித்தாளை முழுவதும் கழற்றிவிடுங்கள். தாளோடு மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. தோசைக்கல்லைக் குறைந்த நெருப்பில் வைத்து, எண்ணெய் விடாமல், மடிப்பு கீழே இருக்கும்படி புரிட்டோவை வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை உருட்டிவிட்டு, திறந்திருக்கும் பக்கத்தில் ஆவி பறக்கும்வரை மூடி போட்டு வையுங்கள். ரொட்டி மொறுமொறுவென்று வரும். அம்மா அதைச் சம்பலோடு சாப்பிட்டார்.