கார் ஏசி கூல் ஆகலையா? கேஸ் போடுறதுக்கு முன்னாடி கரண்ட் எங்க நிக்குதுன்னு பாருங்க

ஏசி கூல் ஆகலன்னு சொன்னாலே எல்லாரும் கேஸ் போயிருக்கும்னு தான் ஆரம்பிப்பாங்க. போயிருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு ஃபியூஸ் போனாலும் ஒரு எர்த் வயர் துருப்பிடிச்சாலும் உள்ள வர்றது அதே சூட்டு காத்து தான், அதனால முதல்ல ஒரு மல்டிமீட்டர் எடுத்து வயரிங் பக்கம் பாத்துட்டு அப்புறமா கேஸ் பக்கம் போங்க.

இன்ஜின் ஆன் பண்ணி, ஏசி போட்டு, ப்ளோவர ஃபுல்ல வச்சுட்டு கம்ப்ரஸர பாருங்க. பெல்ட் ஓடுற புல்லி எப்பவுமே சுத்திட்டு தான் இருக்கும், அத பாத்து ஏமாறாதீங்க, அதுக்கு முன்னாடி இருக்குற தட்டு சேர்ந்து சுத்துதான்னு தான் பாக்கணும். அந்த தட்ட காந்தத்தால புல்லியோட சேக்குறது தான் ஏசி கிளட்ச், அது பிடிக்கும்போது டக்குனு ஒரு சத்தம் வரும். தட்டு விடாம சுத்துதுன்னா கிளட்சுக்கு கரண்ட் வருது, கோளாறு வேற எங்கயோ இருக்கு. சுத்தலன்னா மேல படிங்க. கை, சட்டை, வயர் எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது, ஃபேன் எப்ப வேணா ஓட ஆரம்பிக்கும்.

முதல்ல பேட்டரி. இன்ஜின் ஆஃப்ல 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், ஓடும்போது 13.5லேருந்து 14.5. இது சரியில்லன்னா மத்த எந்த ரீடிங்கயும் நம்ப முடியாது. அடுத்து ஃபியூஸ், கண்ணால பாத்து நல்லாருக்குன்னு விட்டுடாதீங்க, ரெண்டு முனையிலயும் மீட்டர் வைங்க.

இப்ப ரிலே, அதாவது சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் பண்ற எலக்ட்ரிக் சுவிட்ச். என்ன கேட்டா மொத்த வேலையில முக்கியமான இடம் இது தான், ஏன்னா சர்க்யூட்ட இங்க ரெண்டா பிரிச்சிடலாம். ஹாரன் ரிலே அதே நம்பர்னா மாத்தி போட்டு பாருங்க, சரியாச்சுன்னா வேலை முடிஞ்சுது. ஆகலன்னா ரிலேவ கழட்டிட்டு, இன்ஜின் ஓட, ஏசி ஆன்ல, சாக்கெட்ல 85, 86ன்னு நம்பர் இருக்குற ரெண்டு காயில் பின்னுக்கும் நடுவுல மீட்டர் வைங்க. பாடிக்கு வச்சு அளக்காதீங்க, நிறைய கார்ல இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) எர்த் பக்கத்த தான் கன்ட்ரோல் பண்ணும். 12 வோல்ட் வந்தா கிளட்ச ஆன் பண்ண சொல்ற ஆர்டர் வந்துடுச்சு, பிரச்சினை ரிலேக்கும் கிளட்சுக்கும் நடுவுல. வரலன்னா ப்ரஷர் சுவிட்ச் (கேஸ் ப்ரஷர் சரியில்லன்னா கட் பண்றது), எவாப்பரேட்டர் தெர்மிஸ்டர் (உள்ள காத்த கூல் பண்ற பாகத்தோட சூட்ட அளக்குற சென்சார்), ஏசி பட்டன், இசியு இந்த பக்கம். சில ரிலேல நம்பர் 1, 2, 3, 5ன்னு இருக்கும், பெரும்பாலும் ரிலே மேலயே சர்க்யூட் படம் போட்டிருப்பாங்க, அத பாத்து காயில் எதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

அப்புறம் இன்ஜின ஆஃப் பண்ணி இக்னிஷன் மட்டும் ஆன்ல வச்சு, சாக்கெட்ல 30ன்னு இருக்குற சப்ளை பின்ல 12 வோல்ட் இருக்கான்னு பாத்துட்டு, ஃபியூஸ் போட்ட ஒரு ஜம்பர் வயரால 30யும், கிளட்சுக்கு போற 87யும் ரெண்டு மூணு செகண்ட் சேருங்க. கிளட்ச் டக்குன்னா அந்த பக்கம் ஓரளவுக்கு சரி. சத்தமே இல்லன்னா கிளட்ச் கனெக்டர்.

இங்க தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கனெக்டர கழட்டிட்டு அளந்தா 12 வோல்ட் காட்டும், உடனே வயரிங் ஓகே கம்ப்ரஸர் போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. வயருக்குள்ள ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 தான் காட்டும், ஏன்னா மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட் இழுக்கறதே இல்ல. காயில் இழுக்குறது 3, 4 ஆம்பியர், அந்த லோடு வந்தா தான் குட்டு வெளிய வரும். அதனால கனெக்டர மாட்டியே வச்சுட்டு, ரிலே சாக்கெட்ல ஜம்பர் சேர்ந்திருக்கும்போதே, பின்பக்கமா மெல்லிசா ஒரு பின் விட்டு அளங்க. பேட்டரில 12.5 இருந்து இங்க 10 வந்தா 2.5 வோல்ட் வழியிலயே போகுது. அதே மாதிரி கிளட்சுக்கு கரண்ட் போகும்போதே ஒரு புரோப பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ண கம்ப்ரஸர் பாடிலயும் வைங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்த சுரண்டி டைட் பண்ணுங்க. அப்புறமா கனெக்டர கழட்டி காயில் ஓம் பாருங்க, பொதுவா 3லேருந்து 5க்குள்ள இருக்கும். ஓப்பன்னு காட்டினா காயில் போச்சு, 1 ஓமுக்கும் கீழன்னா ஷார்ட், ஃபியூஸ் அடிக்கடி போறதுக்கு அது காரணமா இருக்கலாம்.

ஸ்டார்ட் பண்ணதும் கூல் ஆகி, கொஞ்ச நேரத்துல நின்னுட்டு, ஆறினதும் திரும்ப வருதா? நின்ன அந்த நேரத்துலயே கனெக்டர்ல அளங்க. வோல்ட் ஃபுல்லா இருந்தும் தட்டு பிடிக்கலன்னா கிளட்ச் கேப் (தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) தேஞ்சு பெருசாகியிருக்கும், சூட்டுல காயிலோட இழுவையும் குறைஞ்சிடும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) வச்சு பாருங்க, நிறைய கிளட்ச்ல 0.3லேருந்து 0.6 மில்லிமீட்டர் தான் இருக்கணும், உள்ள இருக்குற ஷிம் (மெல்லிய வாஷர்) ஒண்ண எடுத்தாலே சரியாகலாம். வோல்ட்டே இல்லன்னா ஏதோ சுவிட்ச் கட் பண்ணுது.

ரெண்டு வயர் ப்ரஷர் சுவிட்ச்சுன்னா கனெக்டர்ல ரெண்டு வயரயும் சில செகண்ட் மட்டும் நேரா சேத்து, அதாவது ஜம்பர் பண்ணி பாக்கலாம். கிளட்ச் பிடிச்சுதுன்னு உடனே சுவிட்ச் மேல பழி போடாதீங்க, கேஸ் குறைஞ்சதுனால அது தன் வேலைய சரியா செஞ்சிருக்கலாம், கேஸ் ப்ரஷர் கேஜ் போட்டு பாக்கணும். ஜம்பரோடவே ஓட்டினா ஆயில் சுத்தாம கம்ப்ரஸர் ஜாம் ஆயிடும். மூணு வயர் சென்சார ஜம்பர் பண்ணவே கூடாது, அதுல 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல் இருக்கும். இன்ஜின் ஆறின நிலையில, வெளிய 30 டிகிரி இருந்தா ஆர்134ஏ கேஸ் போடுற சிஸ்டத்துல 7 பார் பக்கம் இருக்கும். கேஜ் அத காட்டி ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டர்ல இருக்கறத படிக்குற கருவி) 0 காட்டுச்சுன்னா சென்சார் இல்லன்னா அதோட வயர்.

ப்ளோவர் கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடுதுன்னா, ஸ்பீட குறைக்குற ரெசிஸ்டர பாருங்க. புதுசு மாத்தியும் திரும்ப எரிஞ்சா மோட்டார் டைட்டாகி ஆம்பியர் அதிகம் இழுக்கலாம். ஓடும்போது கூலா இருந்து சிக்னல்ல நின்னா சூடாகுதுன்னா கண்டென்சர் ஃபேன (முன்னாடி ரேடியேட்டர் பக்கத்துல இருக்குற ஃபேன்) பாருங்க.

புது கார்ல சிலதுல கிளட்சே கிடையாது, அதுல டக் சத்தத்த எதிர்பார்க்காதீங்க, ஸ்கேனர் இல்லாம முடியாது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்ல கம்ப்ரஸருக்கு போற ஆரஞ்சு கேபிள்ல நூத்துக்கணக்குல வோல்ட் ஓடும், அத தொடாதீங்க, அதுக்குன்னு ட்ரெய்னிங் எடுத்தவங்ககிட்ட விட்டுடுங்க.