மதம், சாதிக் கணக்கைப் படிப்பது எப்படி: வீடு வீடாகப் போன ஒருத்தியின் குறிப்பு

2011 பிப்ரவரியில், பள்ளி விட்ட பிறகு, கணக்கெடுப்புப் படிவங்களோடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருத் தெருவாக நடந்தேன். ஒரு வீட்டில் அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவர். அண்ணனுக்குப் 'பட்டியல் சாதி' என்று குறித்துச் சாதிப் பெயரையும் எழுதினேன். தம்பிக்கு 'இல்லை' என்று குறித்தேன். விதி அதுதான். "டீச்சர், எங்கள் இருவருக்கும் அம்மா ஒருத்திதானே?" என்று கேட்டார் தம்பி. என்னிடம் பதில் இல்லை.

தமிழ்நாட்டின் மதம், சாதிக் கணக்கைப் படிக்க உட்காரும் எவரும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விழுக்காட்டைப் பார்க்கும் முன், வாசலில் யாரிடம் எதைக் கேட்டார்கள் என்று பாருங்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கே பொதுவாக இருந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் இன்றுவரை வெளியேதான். பழங்குடியினருக்கு இந்த மதத் தடை இல்லை. ஆக, 2011இல் மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு என்றால், அது மதம் என்ற சல்லடையில் சலித்த பிறகு மிஞ்சிய எண்ணிக்கை.

எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். இந்துக்கள் 48.65, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு. பட்டியல் சாதியினரோ ஏறத்தாழ 4 விழுக்காடுதான், மாநிலத்திலேயே குறைவு. திருவாரூரில் அது 34. இந்த இடைவெளி முழுவதற்கும் மதமாற்றம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நெல்வயல் சார்ந்த கீழத்தஞ்சைப் பகுதியின் குடியமைப்பு வேறு, எங்கள் ஊரின் குடியமைப்பு வேறு. ஆனால் அந்தத் தம்பியைப் போன்றவர்கள் அந்த 4இல் இல்லை என்பதை மறந்துவிட்டு 'இங்கே தலித்துகளே குறைவு' என்று எழுதுவது தவறு. கண்டால் திருத்துங்கள்.

மதக் கணக்குக்கு, கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் சி-1 என்ற அட்டவணையை எடுங்கள். மாநிலத்தில் இந்துக்கள் 87.58, கிறிஸ்தவர்கள் 6.12, முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு என்று இருக்கும். அதோடு மூடிவைக்காமல் மாவட்டம், தாலுகா என்று கீழே இறங்குங்கள். மாநிலச் சராசரியைப் போல வாழும் ஊர் ஒன்றுகூட இருக்காது. ஒரு சிக்கல்: 2011இல் மாவட்டங்கள் 32, இப்போது 38. தென்காசியின் கணக்கு வேண்டுமென்றால் பழைய திருநெல்வேலியின் தாலுகாக்களை எடுத்து நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.

பட்டியல் சாதிகளுக்குள் தனித்தனிச் சாதிகளின் எண்ணிக்கையும் கிடைக்கும். அதைக் கையாளும்போது கவனம் தேவை. 'ஆதி திராவிடர்' என்பதே பட்டியலில் ஒரு பெயர். வெவ்வேறு சாதியினர் அந்தப் பெயரைச் சொல்வதுண்டு. பட்டியலில் இருக்கும் பெயர் என்பதால் சொன்னபடியே எழுதிக்கொள்வோம். அதனால் ஒரு சாதியின் எண்ணிக்கை குறைந்து தெரிந்தால், ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்டாதீர்கள்.

பட்டியலுக்கு வெளியே உள்ள சாதிகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 'எங்கள் ஆட்கள் இத்தனை விழுக்காடு' என்று மேடையில் முழங்கும் எண்களுக்குக் கணக்கெடுப்பில் ஆதாரம் கிடையாது. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் மலபாரும் கடலோர ஆந்திரமும் இருந்தன. கன்னியாகுமரி திருவிதாங்கூரில் இருந்தது, புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். அந்த எண்ணை அப்படியே இன்றைய தமிழ்நாட்டுக்குப் பொருத்தவே முடியாது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் சாதியைக் கேட்டார்கள். சாதிவாரி எண்ணிக்கை வெளியாகவில்லை. பீகார் அரசு வீடு வீடாகக் கேட்டு 2023 அக்டோபரில் தன் கணக்கை வெளியிட்டது: மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 விழுக்காடு, யாதவர் 14.26 என்று சாதி சாதியாக. யாராவது தமிழ்நாட்டுக்கு அப்படி ஓர் எண்ணைச் சொன்னால், எந்த ஆண்டு, யார் எண்ணியது, எல்லைக்குள் எந்தப் பகுதி என்று மூன்றையும் கேளுங்கள்.

இட ஒதுக்கீட்டின் 69 விழுக்காட்டை மக்கள்தொகையாக எடுத்துக்கொள்வது இன்னொரு பெரும் பிழை. அது இடங்களின் பங்கு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது 18, அவர்கள் மக்கள்தொகையில் 20 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே புரியும்.

அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் கேட்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. 2027 மார்ச் 1தான் அதற்கான குறிப்புத் தேதி, அதாவது அன்றைய நிலவரப்படிதான் எண்ணிக்கை அமையும். உங்கள் வீட்டுக்கு வருபவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். மதத்தையும் சாதியையும் நீங்கள் சொன்னபடியே பதிந்திருக்கிறாரா என்று படித்துக்காட்டச் சொல்லுங்கள். அந்தத் தம்பியின் கதவையும் யாரோ ஓர் ஆசிரியை தட்டுவார். இம்முறை அவருடைய சாதியையும் கேட்பார்.