இரண்டு நாட்டு மூலதனக் கணக்கை ஒப்பிடுகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

அக்கா மகள் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். போன மாதம் லேப்டாப்போடு சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்து, "மாமா, சீனாவுக்குப் பக்கத்துல இந்தியாவோட மூலதனக் கணக்கு கண்ணுக்கே தெரியலையே, ஏன்?" என்றாள். முதலீடாகவும் கடனாகவும் ஒரு நாட்டுக்குள் வரும், வெளியே போகும் பணத்தின் கணக்கைத்தான் அப்படிச் சொல்கிறோம். பார்த்தால், சீனாவுக்கு நேரடி முதலீடு, பங்குச்சந்தை முதலீடு, கடன் எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறாள். இந்தியாவுக்கோ ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) அட்டவணையில் 'மூலதனக் கணக்கு' என்றிருந்த ஒற்றை வரியை அப்படியே எடுத்துவிட்டாள். ஐஎம்எஃப் அகராதியில் அந்தப் பெயர் கடன் தள்ளுபடி, வர்த்தகக் குறி விற்பனை போன்ற சில்லறைக்குத்தான். நாம் பேச்சில் மூலதனக் கணக்கு என்று சொல்வதை அவர்கள் நிதிக் கணக்கு என்பார்கள். பெயரை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் கூட்டல் கழித்தல் குறி. இதில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் வழக்கமான அட்டவணையில் கூட்டல் என்றால் பணம் உள்ளே வந்திருக்கிறது. ஐஎம்எஃப் 2009இல் வெளியிட்ட 6ஆம் பதிப்புக் கையேட்டின்படி நிதிக் கணக்கு கூட்டலில் இருந்தால் பணம் வெளியே போயிருக்கிறது. ஒரு நாட்டுக்கு இதையும் இன்னொன்றுக்கு அதையும் எடுத்தால் வரைபடம் தலைகீழ்தான்.

அந்நியச் செலாவணிக் கையிருப்பு கணக்கின் உள்ளேயா வெளியேயா என்பதையும் பார்க்க வேண்டும். ஐஎம்எஃப் உள்ளே வைக்கிறது, ரிசர்வ் வங்கியின் பழைய பாணியில் அது தனியே கீழே வரும். 2015இல் சீனாவின் கையிருப்பு சுமார் 51,300 கோடி டாலர் குறைந்தது என்று படித்திருப்பீர்கள். ஆனால் அயல்நாட்டுச் செலுத்துநிலைப் பட்டியலில் (வெளிநாடுகளோடு நடந்த எல்லா வரவு செலவுகளின் கணக்கு) குறைவு சுமார் 34,300 கோடிதான். டாலர் ஏறியதால் கையிருப்பில் இருந்த யூரோ போன்றவற்றின் டாலர் மதிப்பு இறங்கியது, இடைவெளிக்குப் பெரும் காரணம் இப்படி மதிப்பு மாறியதுதான். யாரும் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இதை மேட்டூர் அணையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். மூலதனக் கணக்கு என்பது நீர்வரத்தும் வெளியேற்றமும், நீர்மட்டம் அல்ல. 120 அடி நிரம்பி நிற்கும் அணையிலும் இன்றைய வரத்து சொற்பமாக இருக்கலாம். இன்னொன்று, வரத்தும் வெளியேற்றமும் 20,000 கனஅடி என்றாலும் நிகரம் பூஜ்யம், இரண்டும் 500 என்றாலும் பூஜ்யம்தான். ஆகவே நிகர எண்ணை மட்டும் போடாதீர்கள், இரு பக்கத்தையும் போடுங்கள்.

ஆண்டு எது என்பதும் சிக்கல். நமக்கு ஏப்ரல் முதல் மார்ச், சீனாவுக்கு ஜனவரி முதல் டிசம்பர். (ஏற்காட்டுக் காப்பிப் பறிப்பை டிசம்பர் 31இல் வெட்டினால் ஒரே மகசூல் இரண்டு ஆண்டுக் கணக்கில் விழும், அதே கதை.) இந்தியாவுக்கு 2007-08இல் வந்த நிகர மூலதனம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது, 2008-09இல் 1,000 கோடிக்கும் கீழே போனது. இப்படிக் குப்புற விழுந்த ஆண்டில் மூன்று மாதம் தள்ளி வெட்டினாலே கதை மாறிவிடும். காலாண்டு எண்களை எடுத்து நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். நீண்ட காலம் என்றால் ஜிடிபியால் வகுப்பதைச் சொல்லத் தேவையில்லை.

எந்தப் பணம் எந்தக் கணக்கு என்பதும் குழப்பும். துபாயில் இருப்பவர் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் நடப்புக் கணக்கு (ஏற்றுமதி, இறக்குமதி, வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் போன்றவை நாட்டுக் கணக்கில் வரும் பகுதி, வங்கிக் கணக்கு அல்ல). அதையே என்ஆர்ஐ டெபாசிட்டில் போட்டால் மூலதனக் கணக்கு. அந்த டெபாசிட்டை இங்கேயே ரூபாயாக எடுத்துச் செலவழித்தால் மறுபடி நடப்புக் கணக்குக்குத் தாவிவிடும்! 2013 செப்டம்பர் முதல் நவம்பர் வரை ரிசர்வ் வங்கி கொடுத்த சலுகையில் வங்கிகள் சுமார் 3,400 கோடி டாலர் திரட்டின, அதில் 2,600 கோடி எஃப்சிஎன்ஆர் டெபாசிட், அதாவது என்ஆர்ஐக்கள் வெளிநாட்டு நாணயத்திலேயே போடும் டெபாசிட். மூன்று வருடம் கழித்து, 2016இல், அது முதிர்ந்து வெளியே போனது. அக்கா மகள் தன் வரைபடத்தில் இந்த இரண்டு இடத்துக்கும் 'நம்பிக்கை உயர்வு', 'நம்பிக்கைச் சரிவு' என்று எழுதி வைத்திருந்தாள். அழிக்கச் சொன்னேன்.