பட்டாளத்துக்காரர் இறந்தபின் குடும்ப பென்ஷன்: கூட இருந்து உதவுவோருக்கு

ஊரில் ஒரு முன்னாள் படைவீரர் இறந்தால், காரியம் முடிவதற்குள் யாராவது ஒருவர் "முதல்ல தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போடுங்க" என்பார். மனைவியின் பெயர் பிபிஓவில் (பென்ஷன் வழங்கும் ஆணையில்) இருந்தால் குடும்ப பென்ஷனுக்கு அது தேவையே இல்லை. நாமினி போடாத நிலுவைத் தொகைக்கு வேண்டியிருக்கலாம். அந்த வேலை தனியாக நடக்கட்டும். அதற்காகப் பென்ஷனை நிறுத்தி வைக்காதீர்கள்.

21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்யுங்கள். சான்றிதழில் பெயர் பிபிஓவில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். துக்க வீட்டார் வாயால் சொல்ல, அங்கே ஒருவர் கேட்டு எழுதினால் தப்பு விழும். தாளில் தெளிவாக எழுதி நீங்களே கொடுங்கள்.

அடுத்தது ஏடிஎம் கார்டு. இறந்த நாள் வரை அவருடைய பென்ஷன், மறுநாளிலிருந்து மனைவிக்குக் குடும்ப பென்ஷன். தகவல் போய்ச் சேரும்வரை கணக்கில் பழைய பென்ஷனே விழும். காரியச் செலவுக்கென்று அதை எடுத்துவிட்டால், கூடுதலாகப் போன பணத்தை அந்த அம்மாவின் பென்ஷனில்தான் பிடிப்பார்கள். இதை முதல் நாளே பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பிறகு பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், பிபிஓ, படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம், மனைவியின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், மனைவி பெயரில் ஓடும் மொபைல் எண். கணினி வசதி இல்லையென்றால் பொது சேவை மையத்துக்குப் போகலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழிகாட்டுவார்கள்.

பெரும்பாலும் சிக்கிக்கொள்வது பெயரில்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'சரோஜா', ஆதாரில் 'சரோஜாம்மாள்', பான் கார்டில் கணவர் பெயரும் சேர்ந்து ஒன்று. மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ராணுவ ஆவணத்தைத் திருத்த வேண்டுமானால் பிரமாணப் பத்திரத்துடன் நல அலுவலகம் வழியாக கணவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு (பணிப்பதிவு அலுவலகத்துக்கு) எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் பொறியாளர் படைக்கு) பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். அங்கே பார்ட்-2 ஆர்டர் (பதிவேட்டு மாற்றத்தை அறிவிக்கும் ராணுவ ஆணை) வெளியான பிறகுதான் திருத்திய பிபிஓ வரும், அதற்கு மாதக்கணக்காகும். ஆதாரில் பிழை என்றால் அதைத் திருத்துவதே சுலபம். உண்மையில் இதெல்லாம் கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரையும் பிபிஓவைக் கொண்டுவரச் சொல்லி, மனைவியின் ஆதாரோடு வைத்துப் பாருங்கள்.

பெயரோடு பிறந்த தேதியையும் பாருங்கள். பழைய பிபிஓக்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. 80 வயது முடிந்தால் குடும்ப பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40. தேதி பதிவாகாவிட்டால் இந்த உயர்வு தானாக வராது. அந்த அம்மாவுக்கும் கேட்கத் தெரியாது.

தொகையையும் சரிபார்த்துக் கொடுங்கள். சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றபின் இறந்தவர் என்றால், 7 ஆண்டு வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, இதில் எது முந்தியோ அதுவரை உயர்ந்த விகிதம் உண்டு. 63 வயதில் இறந்தவரின் மனைவிக்கு நான்கு ஆண்டுதான். அதன்பின் பென்ஷன் குறையும்போது யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எப்படியும் அடிப்படைத் தொகை 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, அகவிலைப்படி தனி.

ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று உண்டு. அதை ஜீவன் பிரமாண் என்ற இணையச் சேவையில் பதியும்போது, பென்ஷன் வழங்கும் இடமாக வங்கியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமான தவறு. ஸ்பர்ஷ் பென்ஷன் என்றால் 'ஸ்பர்ஷ் - பிசிடிஏ (பென்ஷன்ஸ்)' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கணவரின் பழைய எண்ணைப் போடாமல், அந்த அம்மாவுக்கு வந்த புதிய பிபிஓ எண்ணைப் போடுங்கள். காட்டு வேலை செய்து ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காது. திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாமல், முக அடையாளச் செயலியில் நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பதிந்துவிடுங்கள்.