சங்குக்கு அர்த்தம் எழுதும் முன்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு முகப்புத் திண்ணையில் ஞாயிறுதோறும் சேர்ந்து நாவல் படிக்கிறோம். ஒரு வாரம் வில்லியம் கோல்டிங் எழுதி 1954-இல் வெளிவந்த 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' வந்தது. விமானம் விழுந்து ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்ட பையன்களின் கதை. ரால்ஃப் தலைவன், ஜாக் அவனோடு மோதும் வேட்டைக்காரன், பிக்கி ரால்ஃபின் பக்கம் நிற்கும் கண்ணாடிக்காரன். சங்கைக் கையில் வைத்திருப்பவன்தான் கூட்டத்தில் பேசலாம். எல்லார் நோட்டிலும் ஒரே அட்டவணை. சங்கு ஜனநாயகம், மூக்குக்கண்ணாடி அறிவியல், பன்றித்தலை சாத்தான். கோனார் நோட்ஸ் பழக்கம், விடாது.

முதல் தவறு அதுதான். உருவகக் கதையில் பொருளுக்கு அர்த்தம் நிலையாக நிற்காது. அந்தச் சங்கு வெயில் பட்டு நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது. மலை உச்சியில் சங்கு செல்லாது என்கிறான் ஜாக். கொஞ்ச நேரத்தில் ரால்ஃப், கீழே போலவே மேலேயும் சங்கு இருக்கும் இடம்தான் கூட்டம் என்கிறான். பாலூட்டவும் சங்கு, சாவுக்கும் சங்கு என்று வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன? (பிக்கியின் கண்ணாடியால் தீ மூட்டும் விஷயத்தில் கோல்டிங்கே சறுக்கியிருக்கிறார். கிட்டப்பார்வைக் கண்ணாடியை வெயிலில் பிடித்தால் தீப்பற்றாது.)

"ரால்ஃப் ராமன், ஜாக் ராவணன்னு எழுதலாமா சார்?" என்றான் ஒருவன். கம்பன் விழா நடக்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! "வாலி, சுக்ரீவன்னு எழுதுப்பா, கொஞ்சம் கிட்ட வரும்" என்றேன். தலைமைக்கு அடித்துக்கொள்ளும் இருவரில் ஒருவனை நல்லவனாக்கிவிட்டால் கதையின் முக்கியமான ராத்திரி கைநழுவிப் போகும். சைமன் என்ற பையனை மிருகம் என்று நினைத்து எல்லாரும் அடித்துக் கொன்ற அந்த ஆட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும் இருந்தார்கள். மறுநாள் காலை பிக்கி சொல்லும் சமாதானம்: நாம் வட்டத்துக்கு வெளியே நின்றோம், அது விபத்து. சிராவயல் மஞ்சுவிரட்டுக் கூட்டத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், முன்னால் இருப்பவன் ஓடினால் நம் காலும் தானாக ஓடும்.

'மனிதனுக்குள் மிருகம்' என்று ஒரே வரியில் முடிப்பது அடுத்த தவறு. வன்முறை படிப்படியாகத்தான் ஏறுகிறது. ஜாக்கின் கும்பலில் சேரும் ரோஜரை மட்டும் தொடர்ந்து பாருங்கள். முதலில் ஒரு சின்னப் பையனைச் சுற்றிக் கல் வீசுகிறான், ஆனால் படாமல். சுற்றிலும் ஆறு கஜ வட்டத்துக்குள் கல் விழவே இல்லை. பெற்றோர், பள்ளிக்கூடம், போலீஸ் என்று ஊரில் கற்ற பயம் இன்னும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஜாக் கறி போடுகிறான், முகத்தில் சாயம் பூசுகிறான், தன் கும்பலில் ஒருவனைக் கட்டிவைத்து அடிக்கிறான். கடைசியில் அதே ரோஜர் பாறையைப் பிக்கியின் மேல் நெம்பித் தள்ளும்போது எந்த வட்டமும் இல்லை. சங்கும் அப்போதுதான் நொறுங்குகிறது.

சரி, முடிவு. 'கடற்படை வந்து காப்பாற்றியது' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். கப்பலை வரவழைத்த புகை, ரால்ஃபைக் கொல்ல ஜாக்கின் கூட்டம் வைத்த தீயிலிருந்து வந்தது. வந்த அதிகாரியும் ஒரு போரின் நடுவில் இருப்பவர்தான். கோல்டிங்கும் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். பையன்கள் தேம்பி அழும்போது அந்த அதிகாரி முகத்தைத் திருப்பி எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று கவனியுங்கள். தூரத்தில் நிற்கும் தன் போர்க்கப்பலை.